கப்பல் முனையம் வரையும் முன் ஒரு பெட்டியின் பின்னால் நடந்து பாருங்கள்

என் அக்கா மகள் சென்னையில் கட்டடக்கலை படிக்கிறாள். கடைசி வருடத் திட்டத்துக்கு உல்லாசக் கப்பல் முனையம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். முதல் வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கடலைப் பார்த்து வாய் திறந்த வலம்புரிச் சங்கு மாதிரி ஒரு கூரை. அழகாக இருந்தது. "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கும்மா. பெட்டி எந்த வழியா வெளிய வருது?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் "எந்தப் பெட்டி?" என்று வந்தது.

அன்று இரவு அவளுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இது. சிங்கப்பூரில் 21 வருடம் கப்பல் பயணிகளைக் கவனிக்கும் தரைப்பணியில் இருந்தேன். பெட்டி தூக்குகிறவனாகச் சேர்ந்து ஷிஃப்ட் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். கட்டடம் வரையத் தெரியாது. ஆனால் கப்பல் வந்து நிற்கும் அந்தப் பத்து மணி நேரத்தில் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். முனையம் வரைகிறவர்களுக்கும், அப்படி ஒரு திட்டம் தங்கள் ஊருக்கு வரும்போது அதைப் படித்துக் கேள்வி கேட்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

எந்த வகைத் துறைமுகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கப்பல் காலையில் வந்து, பயணிகள் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு மாலையில் அதே கப்பலில் ஏறிப் போனால் அது வந்துபோகும் துறைமுகம். பயணம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தால் அது தாய்த் துறைமுகம். இரண்டுக்கும் ஒரே கட்டடம் போதும் என்று நினைப்பதுதான் நான் பார்த்த முதல் தவறு. வந்துபோகும் இடத்துக்குப் பெரிய கூடமே வேண்டாம். நிழலும் கழிப்பறையும் பேருந்து நிற்க இடமும் இருந்தால் சமாளித்துவிடலாம். பயணிகள் கையில் ஒரு தோள்பைதான் இருக்கும். தாய்த் துறைமுகத்தில் கப்பல் நிறைய மக்கள் முழுவதுமாக இறங்கி, அதே நாளில் அதே கப்பல் நிறைய வேறு மக்கள் ஏற வேண்டும். அத்தனை பேருக்கும் பெட்டி உண்டு. பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு உண்டு, சுங்கம் உண்டு. கப்பலுக்கு ஒரு வாரத்துச் சாப்பாடும் அன்றைக்கே ஏற வேண்டும்.

கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டும் தளமே இல்லாத ஊரும் உண்டு. என் தாத்தா 1950களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் மலாயாவுக்குப் போனவர். கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலையில் படகு மேலே எழும் நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். கையில் தகரப் பெட்டி. "கை நழுவினா பெட்டி போகும், கால் நழுவினா ஆளே போகும்" என்று தாத்தா சொல்வார். இன்றைக்கும் சின்னத் தீவுகளில் கப்பல் வெளியே நின்று படகில்தான் ஆட்களை இறக்குகிறார்கள். சென்னைக்கு அந்தக் கவலை இல்லை, ஆழமான தளங்கள் இருக்கின்றன. 2022 ஜூனிலிருந்து சென்னையில் தொடங்கிச் சென்னையில் முடியும் பயணங்கள் நடந்திருக்கின்றன. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் ஒரு கப்பல் புறப்பட்டது. ஆகவே என் மருமகள் வரைய வேண்டியது தாய்த் துறைமுகம்தான் என்று முடிவு செய்தோம்.

இடம் பார்க்கப் போனால் தலையை நிமிர்த்துங்கள்

துறைமுகம் என்றதும் எல்லோரும் தண்ணீரின் ஆழத்தைத்தான் கேட்பார்கள். உல்லாசக் கப்பலுக்கு ஆழம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. பெரிய கப்பலே தண்ணீருக்குள் 9 மீட்டர் சுற்றுவட்டத்தில்தான் இறங்கியிருக்கும். பெரிய கொள்கலன் கப்பல்கள் அதைவிட ஐந்தாறு மீட்டர் கூடுதலாகக் கேட்கும். உல்லாசக் கப்பல் கேட்பது உயரமும் நீளமும்.

சிங்கப்பூர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1990களின் தொடக்கத்தில் ஹார்பர்ஃபிரண்ட் பக்கம், அப்போது உலக வர்த்தக மையம் என்று பெயர், உல்லாசக் கப்பல் நிலையம் அமைத்தார்கள். நல்ல இடம். எதிரே செந்தோசாத் தீவு. பாத்தாம், கரிமுன் தீவுகளுக்குப் போகும் ஃபெர்ரிகளும் அங்கிருந்தே புறப்படும். ஆனால் தலைக்கு மேலே, ஃபேபர் மலையிலிருந்து செந்தோசாவுக்கு, 1974இலிருந்து கேபிள் கார் ஓடுகிறது. 1983 ஜனவரி 29 அன்று எனிவெட்டோக் என்ற எண்ணெய் துளைக்கும் கப்பலின் கோபுரம் அந்தக் கம்பியில் சிக்கியது. கேபிள் கார் பெட்டிகள் இரண்டு கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நடுவானில் மாட்டிக்கொண்ட 13 பேரை ஹெலிகாப்டர் வைத்து இரவோடு இரவாக மீட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்தவர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வேலையையே கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த நிலையத்தில் வந்து நிற்கும் கப்பலின் உயரம் 52 மீட்டரைத் தாண்டக்கூடாது. 1990களில் அது போதுமாக இருந்தது. அப்புறம் கப்பல்கள் மாடிக்கு மேல் மாடியாக வளர்ந்தன. கம்பி அதே இடத்தில்தான் இருந்தது. அதனால்தான் மரினா சவுத்தில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் விளிம்பில், 500 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம் வந்தது. தலைக்கு மேல் எதுவும் இல்லை. 360 மீட்டரில் ஒரு தளம், 335 மீட்டரில் இன்னொன்று. கப்பல் திரும்ப அகலமான நீர்ப்பரப்பு. 2012 மே 22 அன்று முதல் கப்பலாக வாயேஜர் ஆஃப் தி சீஸ் வந்தது. நீளம் 311 மீட்டர், அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 3,100 பேருக்கு மேல்.

ஆகவே இடத்துக்குப் போனால் முதலில் மேலே பாருங்கள். பாலம், மின்கம்பி, கேபிள் கார், விமானம் இறங்கும் பாதை என்று எது இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கு வரும் கப்பலை வைத்து அளக்காதீர்கள், இருபது வருடம் கழித்து வரப்போவதை வைத்து அளங்கள். அடுத்து, தளத்தின் நீளம். கப்பலின் நீளத்தோடு முன்னும் பின்னும் கயிறு சாய்ந்து இழுபட இடம் வேண்டும். கப்பல் திரும்புவதற்கு அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு விட்டமுள்ள வட்டம் இருந்தால் நிம்மதி. காற்றையும் மறக்கக்கூடாது. உல்லாசக் கப்பல் என்பது நிற்க வைத்த அடுக்குமாடி வீடு மாதிரி. பக்கவாட்டில் காற்று அடித்தால் அந்தச் சுவர் முழுவதும் பாயாக மாறிவிடும். கயிறு கட்டும் பொல்லார்டுகளைச் சரக்குக் கப்பல் கணக்கில் போட்டால் பற்றாது.

கட்டடத்துக்கு முன்னால் ஒரு நாளை எழுதுங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஒரு வெள்ளைத்தாளில் கப்பல் வரும் நாளை மணிக்கணக்கில் எழுதுங்கள். கட்டடம் அதிலிருந்துதான் முளைக்க வேண்டும்.

நாள் உண்மையில் முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். பயணிகள் தங்கள் பெட்டியில் வண்ண டேக் கட்டி அறை வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். ஊழியர்கள் அதை எல்லாம் கீழ்த்தளத்துக்கு இறக்கி இரும்புக் கூண்டுகளில் அடுக்குவார்கள். விடியற்காலையில், துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறுவார், இழுவைப் படகுகள் வரும். ஏழு மணிக்குக் கயிறு கட்டியாகிவிடும். அதிகாரிகள் அனுமதி கொடுத்ததும் இரண்டு கதவு திறக்கும். ஒன்றில் பெட்டிக் கூண்டுகள் ஃபோர்க்லிஃப்டில் இறங்கும். இன்னொன்றில் ஆட்கள். பெட்டிகள் கூடத்துக்கு வந்து வண்ணவாரியாக வரிசை பிடித்த பிறகே அந்த வண்ணத்து ஆட்களை இறங்கச் சொல்ல வேண்டும். முன்னால் விட்டால் கூடத்தில் ஆள் நிற்பார், பெட்டி இருக்காது. பத்தரை மணிக்குள் கப்பல் காலியாக வேண்டும். பதினொன்றுக்கு அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். உண்மையில் ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். ஊரிலிருந்து வரும் நம் குடும்பங்கள் ரயிலுக்குப் போகிற மாதிரி இரண்டு மணி நேரம் முன்னால் வந்துதான் பழக்கம். அவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள்? பாட்டிகளுக்கு நாற்காலி எங்கே? கப்பல் கிளம்பும் முன்பே எல்லோரும் ஏறி, பாதுகாப்புப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் 2012 ஜனவரியில் கவிழ்ந்த பிறகு அந்த விதி இறுகிவிட்டது. அதனால் கடைசி ஆள் நாலு மணிக்குள் உள்ளே. ஐந்து மணிக்குக் கயிறு அவிழும்.

இதில் ஆபத்தான நேரம் ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. இறங்குகிறவர்கள் முடியவில்லை, ஏறுகிறவர்கள் வந்துவிட்டார்கள். சோதனை முடிந்தவரும் முடியாதவரும் ஓரிடத்தில் கலந்துவிடக்கூடாது. 2004 ஜூலையில் உலகம் முழுக்க வந்த துறைமுகப் பாதுகாப்பு விதிகளின்படி அது பெரிய குற்றம். இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு வழி, முடிந்தால் இரண்டு மாடி. மருமகளின் படத்தில் ஒரே பிரம்மாண்டமான கூடம், ஒரே வாசல். அதை முதலில் மாற்றச் சொன்னேன்.

பெட்டியின் பின்னால் நடங்கள்

இப்போது கணக்கு. 3,800 பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்றரைப் பெட்டி. 5,700 பெட்டி. ஒரு பெட்டிக்கு நடைவழியும் சேர்த்து அரைச் சதுர மீட்டர் போட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்ப 2,850 சதுர மீட்டர் வேண்டும். அணி அணியாக இறக்கினால் பாதியில் முடிக்கலாம். ஆனால் குடிநுழைவில் கொஞ்சம் தாமதமானால் முதல் அணிப் பெட்டி போகாது, இரண்டாவது அணிப் பெட்டியை வைக்க இடமிருக்காது, கூண்டுகள் வெளியே தேங்கும். ஆகவே பாதியைவிடக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.

அடுத்து, கப்பல் கதவிலிருந்து கூடத்தின் கதவு வரை பெட்டி வரும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கே திரும்புகிறது, எங்கே மேடு, எங்கே கூரை இல்லை? ஒரு சமயம், வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்கு எங்களை ஒத்தாசைக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டடம் புத்தம் புதுசு. கப்பல் பக்கத்திலிருந்து கூடம் வரை அறுபது அடிக்குக் கூரை போடாமல் விட்டிருந்தார்கள். அன்று காலை எட்டு மணிக்குக் கொட்டியது மழை. கூண்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடி இழுத்தோம். ஆனாலும் காகித டேக்குகள் ஊறிப்போய், கூண்டுக் கம்பியில் உரசி, கையோடு வந்தன. கூடத்துக்குள் வந்தபோது முந்நூறு பெட்டிக்குப் பெயரே இல்லை.

அதில் ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியாது. திருச்சிக்காரர், மகன் கூட்டிவந்த முதல் பயணம். அவருடைய பெட்டி சிவப்பு. கூடத்தில் சிவப்புப் பெட்டி மட்டும் நூறாவது இருக்கும். "தம்பி, கைப்பிடில மஞ்சத் துணி முடிஞ்சு வச்சிருக்கேன், என் வீட்டுக்காரி கட்டினது" என்றார். ஒவ்வொன்றாகக் குனிந்து கைப்பிடியைத் தடவிக்கொண்டே போனோம். மழையில் மஞ்சள் கரைந்து துணி வெளுத்திருந்தது. முடிச்சு மட்டும் இருந்தது. அந்த முடிச்சை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். அவருடைய விமானத்துக்கு நேரமாகிவிட்டது, மகன் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அறுபது அடிக் கூரைக்கு என்ன செலவாகியிருக்கும்? முகப்பில் பதித்த கண்ணாடியில் நாலு சதுரத்தைக் குறைத்திருந்தால் வந்திருக்கும். அதனால்தான் பெட்டியின் பாதை முழுக்கக் கூரை என்பதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மெதுவாக நடப்பவரை வைத்து அளங்கள்

உல்லாசக் கப்பலில் வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். பணி ஓய்வுப் பணத்தில் அறுபதாம் கல்யாணம் கொண்டாட வருகிறவர்கள், முட்டி அறுவை செய்துகொண்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்கள். கப்பல் கதவிலிருந்து டாக்ஸி வரை எத்தனை மீட்டர் என்று அளங்கள். வழியில் எங்கே உட்காரலாம் என்று பாருங்கள்.

கடல் நிலையாக இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ஏற்றவற்றத்தில் தண்ணீர் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். கப்பலும் அதோடு ஏறி இறங்கும். கட்டடம் அசையாது. சக்கர நாற்காலி பத்திரமாகப் போக வேண்டுமென்றால் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் சரிவு கூடாது என்பது கட்டடக் கலைஞர்களுக்கே தெரிந்த கணக்கு. அப்படிப் பார்த்தால் 3 மீட்டர் வித்தியாசத்துக்கு 36 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அதற்குத்தான் தளத்தின் மீது தண்டவாளத்தில் நகரும் ஏறுபாலங்கள் இருக்கின்றன. கப்பலுக்குக் கப்பல் கதவு வேறு இடத்தில், வேறு உயரத்தில் இருக்கும். பாலம் முன்னும் பின்னும் நகர வேண்டும், மேலும் கீழும் போக வேண்டும். காலையில் இறங்கும்போது ஒரு சரிவு, மதியம் ஏறும்போது இன்னொரு சரிவு. உங்கள் ஊரின் ஏற்றவற்ற அட்டவணையை எடுத்து, மிக உயர்ந்த தண்ணீருக்கும் மிகத் தாழ்ந்த தண்ணீருக்கும் பாலத்தை வரைந்து பாருங்கள். சென்னையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் சுற்றுவட்டம்தான். அது பெரிய வரம்.

ஒரு நாள் தண்ணீர் மிகவும் இறங்கியிருந்த நேரத்தில் ஓர் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு பின்பக்கமாக இறக்கினோம். முன்னால் இருவர், பின்னால் இருவர். அவர் பயந்துபோய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்த பிறகும் விடவில்லை. நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. வரைபடத்தில் சரிவு என்பது ஒரு கோடு. அதில் இறங்குகிறவருக்கு அது அப்படி இருக்காது.

கட்டடம் டாக்ஸி நிறுத்தத்தில்தான் முடிகிறது

பயணியைப் பொறுத்தவரை வாகனத்தில் உட்கார்ந்த பிறகுதான் கப்பல் பயணம் முடியும். மறுபடியும் கணக்கு. 3,800 பேர் மூன்று மணி நேரத்தில் இறங்கினால் மணிக்குக் கிட்டத்தட்ட 1,270 பேர், நிமிடத்துக்கு 21 பேர். நூற்றுக்கு நாற்பது பேர் டாக்ஸியில் போகிறார்கள், டாக்ஸிக்கு மூன்று பேர் என்றால் மணிக்கு 170 டாக்ஸி. பெட்டி ஏற்றி, பாட்டியை ஏற்றி, கதவை மூட ஒரு டாக்ஸிக்கு மூன்று நிமிடமாவது ஆகும். அப்படியானால் ஒரே நேரத்தில் ஒன்பது டாக்ஸி நின்று ஏற்ற இடம் வேண்டும். காத்திருக்கும் டாக்ஸிகளுக்கு வரிசை தனி. நூற்றுக்கு முப்பது பேர் சுற்றுலாப் பேருந்தில் போனால் மணிக்குப் பத்துப் பேருந்து. மீதிப் பேருக்கு ரயில் இருந்தால் தப்பித்தோம்.

ஹார்பர்ஃபிரண்டில் பெருவிரைவு ரயில் நிலையம் 2003இலேயே வந்துவிட்டது, கடைத்தொகுதியும் ஒட்டியே இருக்கிறது. மரினா பே நிலையம் திறந்தது 2012இல். அதற்கு அருகிலுள்ள மரினா சவுத் பியர் ரயில் நிலையம் திறந்தது 2014 நவம்பர் 23 அன்று. இடையில் இரண்டரை வருடம். ரயிலும் முனையமும் ஒரே நாளில் திறப்பது கடினம் என்பது புரிகிறது. ஆனால் ரயில் வரும்வரை என்ன செய்யப் போகிறோம் என்று திட்டத்திலேயே ஒரு பக்கம் இருக்க வேண்டும். இணைப்புப் பேருந்து எத்தனை, யார் ஓட்டுவது, நிழல் எங்கே என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு விஷயம் கையிலேயே இருக்கிறது. துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையைத் தாண்டினால் கடற்கரை ரயில் நிலையம். உலகத்தில் எத்தனையோ ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தச் சாலையைக் குறுக்கே கடக்க முடியாது. துறைமுக வாசல்களில் கொள்கலன் லாரிகள் வேறு. மருமகளிடம் சொன்னேன், உன் சங்குக் கூரைக்கு வைத்திருக்கும் இரும்பில் பாதியை எடுத்து, கடற்கரை நிலையத்திலிருந்து முனையம் வரை மின்தூக்கியோடு ஒரு நடைபாலம் போடு, உன் திட்டம் ஊருக்கு உண்மையிலேயே உபயோகமாக இருக்கும் என்று. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போயின. பயணிகளுக்கு இடம் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இருக்காது. கரித்தூசி பறக்கும் தளத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கப்பலை யார் கொண்டுவந்து கட்டுவார்கள்?

பின்கட்டை மறக்காதீர்கள்

வீட்டுக்குக் கொல்லைப்புறம் மாதிரி முனையத்துக்கும் ஒன்று உண்டு. காலை ஆறு மணியிலிருந்து லாரிகள் வரிசையில் நிற்கும். முட்டை, பால், உறைந்த மீன், தர்ப்பூசணி, படுக்கை விரிப்பு, பூங்கொத்து. பெட்டிகள் இறங்கும் அதே நேரத்தில் இதெல்லாம் ஏற வேண்டும், குப்பை இறங்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் பயணியின் கால் படவே கூடாது. கப்பலின் எரிபொருள் எண்ணெய், பார்ஜ் என்ற தட்டைப் படகில் கடல்பக்கமாக வந்துவிடும், அதற்குக் கரையில் இடம் வேண்டாம்.

மின்சாரத்துக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். கப்பல் கரையில் நின்றாலும் உள்ளே குளிர்சாதனமும் சமையலறையும் ஓடும். பெரிய கப்பல் ஒன்று 10 மெகாவாட் அளவுக்கு இழுக்கும். கரை மின்சாரம் இல்லையென்றால் அத்தனையும் கப்பலின் எஞ்சின் எரித்துத்தான் வரும், புகை ஊருக்குள் போகும். அலாஸ்காவின் ஜூனோவில் 2001இலேயே உல்லாசக் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் துணைமின்நிலையம் வைக்காவிட்டாலும் அதற்கான இடத்தையும் தளத்துக்கு அடியில் கேபிள் போகும் குழாயையும் விட்டுவையுங்கள். கான்கிரீட்டை உடைத்துப் பின்னால் போடுவது பெரும் செலவு.

கப்பல் இல்லாத நாளும் ஒரு நாள்தான்

கப்பல்கள் பருவம் பார்த்து வருகிறவை. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சென்னைப் பக்கம் வரும். அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் கிளம்பிவிடும். வருடத்தில் பல நாள் கூடம் காலியாகக் கிடக்கும். அந்த நாட்களில் யார் உபயோகிப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். பொருட்காட்சியா, கல்யாணமா, மாணவர்கள் தேர்வா? நாற்காலி, தடுப்பு, கவுண்டர் எல்லாம் நகர்த்தக்கூடியதாக இருந்தால் எதற்கும் திருப்பலாம். 2020 நவம்பரில், கோவிட் நடுவே, சிங்கப்பூர் எங்கும் நிற்காமல் திரும்பி வரும் கடல் பயணங்களை அனுமதித்தது. கப்பலில் பாதிப் பேர்தான், ஏறும் முன் எல்லோருக்கும் பரிசோதனை. பரிசோதனைக்கு ஓரிடம், காத்திருக்க ஓரிடம், முடிவு வந்தவருக்கு இன்னொரு வழி என்றெல்லாம் புதிதாகத் தேவைப்பட்டது. சுவரால் பிரித்த கட்டடம் என்றால் அதைச் செய்திருக்கவே முடியாது. எல்லாமே நகரும் தடுப்புகளாக இருந்ததுதான் காப்பாற்றியது.

எத்தனை பேர் வரை வரலாம் என்பதையும் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். மரினா பே நிலையம் முதலில் 6,800 பயணிகளுக்குத் திட்டமிட்டது. பின்னர் 40 மில்லியன் வெள்ளி செலவில் 11,700 பேருக்கு விரிவாக்கினார்கள். டிஸ்னி அட்வெஞ்சர் மாதிரி ஒரே கப்பலில் 6,700 பேர் வரும் காலம் இது. சிங்கப்பூரில் முனையத்துக்கும் குடியிருப்புக்கும் தூரம் உண்டு, அதனால் தாங்குகிறது. எல்லா ஊருக்கும் அப்படி இல்லை. வெனிஸில் 2019இல் ஒரு பெரிய கப்பல் கட்டுப்பாடு இழந்து கரையில் மோதியது. 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஊரின் நடுக்கால்வாயில் வரத் தடை. பார்சிலோனாவில் ஏழு முனையங்களை 2030க்குள் ஐந்தாகக் குறைக்க 2025இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். கட்டிவிட்டு இடிப்பதைவிட, ஒரு நாளைக்கு ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்று முதலிலேயே அங்கே குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பது மேல். திட்ட அறிக்கையில் அந்த எண் இல்லையென்றால், கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம்

வரைபடம் முடிந்ததும் கப்பல் வரும் ஒரு நாளில், இல்லாவிட்டால் ஒரு பெரிய ரயில் வரும் காலையில், வாசலுக்கு வெளியே வாகனம் ஏறும் இடத்தில் மூன்று மணி நேரம் நில்லுங்கள். கையில் நோட்டு. ஒரு வண்டி நின்று கிளம்ப எத்தனை நிமிடம், எத்தனை பெட்டி, எத்தனை பேர் உட்கார இடமில்லாமல் பெட்டி மேல் உட்காருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். உங்கள் ஊரின் எண் என் எண்ணிலிருந்து வேறாகத்தான் இருக்கும்.

மருமகள் போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே எழும்பூர் போய் நின்றாள். ஒரு வண்டிக்கு நான் சொன்ன மூன்று நிமிடம் இல்லை, நாலே கால் நிமிடம் வந்தது என்று போன் செய்தாள். நம் ஆட்கள் ஏறும் முன் வழியனுப்ப வந்தவர்களிடம் சொல்லிக்கொள்கிறார்களாம், அதற்கு ஒரு நிமிடம். ஒன்பது இடத்தைப் பதின்மூன்றாக மாற்றியிருக்கிறாள். கூரை கொஞ்சம் சின்னதாகிவிட்டது. பெட்டியின் பாதையைச் சிவப்பு மையில் போட்டு நேற்று அனுப்பினாள், கப்பல் கதவிலிருந்து டாக்ஸி வரை. மழை படும் இடம் ஒன்றுகூட இல்லை.